பாவும் ஊடையும்: நெதர்லாந்தில் ஒரு துணியைப் பின்தொடர்ந்து

செவ்வாய், டெல்ஃப்ட்

1632ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று டெல்ஃப்ட் நகரின் புதிய தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தை யோகன்னஸ் வெர்மீர். நவம்பர் 4 அன்று அதே தேவாலயத்துக்குத் தூக்கி வரப்பட்ட குழந்தை ஆண்டனி வான் லீவன்ஹூக். ஒருவர் சன்னல் வழியே விழும் ஒளியைக் கித்தானில் நிலைநிறுத்தினார்; மற்றவர் ஒரு சொட்டு ஏரி நீரில் யாரும் அதுவரை கண்டிராத உயிர்களைக் கண்டார். இருவரும் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த ஊரின் சந்தைச் சதுக்கத்தைச் சுற்றியே கழித்தார்கள். சில நிமிட நடைத் தொலைவில் உள்ள பழைய தேவாலயத்தில் இருவருமே அடக்கமாகியிருக்கிறார்கள். 1675 டிசம்பரில் வெர்மீர் கடனோடு இறந்தபின், அவருடைய சொத்துகளை நிர்வகிக்கும் பொறுப்பு 1676இல் லீவன்ஹூக்கிடம் ஒப்படைக்கப்பட்டது.

இவ்வளவும் தெரிந்தவர்கள் இருவரையும் நெருங்கிய நண்பர்களாக்கிக் கதை சொல்வதுண்டு. வெர்மீரின் ஓவியத்தில் வரைபடத்தின் மீது குனிந்து நிற்கும் புவியியலாளர் லீவன்ஹூக்தான் என்றுகூடச் சொல்வார்கள். அந்தக் கதைகளைவிட, ஆவணங்களில் உறுதியாக உள்ள ஒரு சாதாரணச் செய்தியே எனக்குப் பெரிதாகப் படுகிறது: வெர்மீரின் தந்தை பூவேலைப் பட்டு நெய்த நெசவாளர், லீவன்ஹூக் துணி வியாபாரி. கலையும் அறிவியலும் சந்திக்கும் இடத்தைத் தேடி வருபவர்கள் பெரிய மனிதர்களின் நட்பையும் கடிதங்களையும் தேடுகிறார்கள். நான் இந்தப் பயணத்தில் துணியைப் பின்தொடர்ந்து போக முடிவு செய்திருக்கிறேன். அது ஓவியருக்கும் ஆய்வாளருக்கும் முன்பே இருவர் வீட்டுக்குள்ளும் இருந்தது.

லீவன்ஹூக் பதினாறு வயதில் ஆம்ஸ்டர்டாமில் ஒரு துணி வியாபாரியிடம் தொழில் கற்கச் சேர்ந்து, 1654இல் டெல்ஃப்டுக்குத் திரும்பிச் சொந்தக் கடை வைத்தார். துணி வாங்குபவர் கண்ணை நம்புவதில்லை. சிறு உருப்பெருக்கிக் கண்ணாடியைத் துணியின் மீது வைத்து, குறிப்பிட்ட அகலத்துக்குள் நீளவாக்கில் ஓடும் பாவில் எத்தனை இழை, குறுக்கே ஓடும் ஊடையில் எத்தனை இழை என்று எண்ணித்தான் தரத்தைத் தீர்மானிப்பார். அந்தப் பழக்கமே கையில் இன்னும் வலுவான கண்ணாடியை உருவாக்கும் ஆசையாக வளர்ந்ததாகக் கருதப்படுகிறது.

அவர் செய்த நுண்ணோக்கியின் மாதிரி ஒன்றை இன்று கையில் வாங்கிப் பார்த்தேன். நுண்ணோக்கி என்றதும் நம் மனத்தில் எழும் குழாய் வடிவம் இதில் இல்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் இரண்டு பித்தளைத் தகடுகள், அவற்றுக்கிடையே கடுகளவே உள்ள ஒரே ஒரு கண்ணாடி வில்லை, மறுபுறம் ஊசி முனையில் குத்தி வைக்கப்படும் பொருள், அதை மேலும் கீழும் முன்னும் பின்னும் நகர்த்தும் திருகுகள், அவ்வளவுதான். தகட்டைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு வானத்தை நோக்கித் திருப்பினால்தான் ஏதாவது தெரியும். முதலில் வெறும் மங்கல். திருகை மயிரிழை அளவு திருப்பியதும் பருத்தி இழை ஒன்று முறுக்கிய நாடாவாக எழுந்து நிற்கிறது. மூச்சு விட்டால் மறைந்துவிடுகிறது. இப்படிப்பட்ட கருவியைக் கொண்டு அவர் ஐம்பது ஆண்டுகள், தொண்ணூறு வயதுவரை, பார்த்துக்கொண்டே இருந்தார். எஞ்சியுள்ள கருவிகளில் மிக வலுவானது, உட்ரெக்ட் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருப்பது, ஏறத்தாழ 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டும்.

வில்லைகளை எப்படிச் செய்தார் என்பதை அவர் கடைசிவரை யாருக்கும் சொல்லவில்லை. தகடுகளைப் பிரித்தால் கருவி பாழாகிவிடும் என்பதால் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் அது விடுகதையாகவே இருந்தது. உலோகத்தை எளிதில் ஊடுருவும் நியூட்ரான் கற்றைகளால் உள்ளே பார்க்கலாம் என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தபோது, அதற்கான அணு உலையும் இதே டெல்ஃப்ட் நகரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில்தான் இருந்தது. 2021இல் வெளியான அந்த ஆய்வு, உட்ரெக்ட் கருவியின் வில்லை கண்ணாடியை உருக்கித் திரட்டிய சிறு உருண்டை என்று காட்டியது. இலண்டனில் அறிவியலாளர் ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்ட செய்முறைதான் அது. துணிக்கடைக்காரரின் மௌனத்தை அவருடைய ஊரே உடைத்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட்டு இன்றைய குறிப்பை முடிக்கிறேன். லீவன்ஹூக்குக்கு இலத்தீன் தெரியாது. இலண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் டச்சு மொழியில்தான். வரையவும் அவருக்கு நன்றாக வராது. ஆகவே தாம் கண்டதைக் காட்டி வரையச் சொல்ல ஓவியர்களைக் கூலிக்கு அமர்த்தினார். 1683இல் பல்லிடுக்கில் மாவுபோல் படிந்திருந்ததில் கண்ட பாக்டீரியாக்களை உலகம் முதன்முதலில் பார்த்தது ஒரு கைவினைஞரின் கோட்டோவியத்தில்தான். அந்த ஓவியர்களின் பெயர்கள் பெரும்பாலான கடிதங்களில் இல்லாதது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

புதன், தி ஹேக், லெய்டன்

காலையில் தி ஹேக் நகரின் மவுரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் 'முத்துத் தோடணிந்த பெண்' முன் நின்றேன். கூட்டத்தைப் பற்றி எழுத எதுவும் இல்லை. எல்லோரும் எதிர்பார்ப்பதுபோல்தான் இருந்தது. 2018இல் இந்த ஓவியத்தைக் கண்ணாடி அறைக்குள் வைத்து, பார்வையாளர்கள் முன்னிலையிலேயே பலவகைக் கதிர்களால் ஆராய்ந்தார்கள். அப்போது தெரியவந்தவற்றில் துணியோடு தொடர்புடையவை இரண்டு.

அந்தப் பெண்ணின் பின்னால் உள்ள கரிய வெறுமை உண்மையில் வெறுமையாக வரையப்பட்டதன்று. அங்கே மடிப்புகளோடு தொங்கும் பச்சைத் திரைச்சீலை ஒன்றை வெர்மீர் வரைந்திருந்தார். அந்தப் பச்சைக்கு அவர் பயன்படுத்தியவை அவுரி நீலமும், வெல்ட் என்னும் செடியிலிருந்து எடுத்த மஞ்சளும். இரண்டும் சாயப்பட்டறையில் அன்றாடம் புழங்கிய பொருட்கள். கம்பளியைப் பச்சையாக்க ஐரோப்பியச் சாயக்காரர்கள் கையாண்டதும் இதே இணைதான். வரைந்த திரைச்சீலை உண்மையான திரைச்சீலையைப் போலவே காலப்போக்கில் வெளிறிப் போனது. உலகமே வியக்கும் அந்தக் கரிய பின்னணி, சாயம் போனதன் விளைவு. உதடுகளின் சிவப்புக்கான மூலப்பொருளும் சாயக்காரர்களுடையதே: மெக்சிகோவிலும் தென்னமெரிக்காவிலும் சப்பாத்திக்கள்ளியின் மீது வாழும் கொச்சினீல் பூச்சி.

வேறோர் ஆய்வு காட்டிய இன்னொரு தொடர்பு கித்தானிலேயே இருக்கிறது. பழைய ஓவியங்களில் துணியின் மீது முதலில் பூசும் அடிப்பூச்சில் ஈயம் கலந்திருக்கும். அது இழைகளுக்கு இடையே உள்ள இடுக்குகளில் நிரம்பி நிற்பதால், எக்ஸ்ரே எடுத்தால் நெசவு அப்படியே தெரியும். அமெரிக்காவின் கார்னெல், ரைஸ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த மின்பொறியியல் பேராசிரியர்கள் இருவர், ஒலியலைகளைப் பகுத்தறியப் பயன்படும் ஃபூரியர் கணிதத்தை அந்த எக்ஸ்ரே படங்களின் மீது செலுத்தி, கித்தானின் ஒவ்வொரு பகுதியிலும் பாவிழையும் ஊடையிழையும் எவ்வளவு நெருக்கமாக உள்ளன என்பதை வண்ண வரைபடமாக்கினார்கள். கைத்தறியில் நெய்த துணியில் இந்த நெருக்கம் இடத்துக்கு இடம் மாறும். ஆகவே ஒரே துணிச் சுருளிலிருந்து வெட்டிய இரண்டு துண்டுகளின் வரைபடங்கள் விளிம்போடு விளிம்பு பொருந்திவிடும். பாரிசின் லூவ்ரில் உள்ள 'லேஸ் பின்னும் பெண்' ஓவியத்தின் துணியும், நெடுங்காலம் வெர்மீருடையதுதானா என்று ஐயுறப்பட்ட 'வர்ஜினல் இசைக்கருவி முன் அமர்ந்த இளம்பெண்' ஓவியத்தின் துணியும் இப்படிப் பொருந்தின. நெசவாளர் மகன் வரைந்த ஓவியத்தின் உண்மைத்தன்மைக்கு, இழை எண்ணும் பழைய வேலையே சாட்சி சொல்ல வந்திருக்கிறது. இந்தப் பயணத்தில் நான் படித்தவற்றுள் இதைவிட மனநிறைவு தந்த செய்தி வேறில்லை.

பிற்பகலில் லெய்டன். லெய்டன் என்றதும் தமிழ் வாசகருக்குச் சோழர் செப்பேடுகள்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்த ஊரை வளர்த்தது கம்பளித் துணி. ஃபிளாண்டர்ஸ் பகுதியிலிருந்து போருக்கும் மத ஒடுக்குமுறைக்கும் அஞ்சி வந்த நெசவாளர்கள் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே குடியேறினார்கள். 1640இல் கட்டிய லாக்கன்ஹால் என்னும் துணி மண்டபம் இன்று நகர அருங்காட்சியகமாக உள்ளது. தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணி இங்கே வந்து, நீளமும் அகலமும் நெருக்கமும் சோதிக்கப்பட்டு, ஓரத்தில் ஈய முத்திரை குத்தப்பட்ட பிறகே விற்பனைக்குப் போகும்.

அந்த முத்திரைகளைவிட என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தவை ஐசக் வான் ஸ்வானன்பர்க் வரைந்த ஓவியங்கள். ஆட்டுரோமத்தைக் கழுவுவது, தரம் பிரிப்பது, சிக்கெடுத்துச் சீவுவது, நூற்பது, பாவு ஓட்டுவது, நெய்வது, மிதித்துத் தடிப்பேற்றுவது, சாயம் தோய்ப்பது என்று கம்பளியின் பயணம் முழுவதும் அவற்றில் உள்ளது. ஓவியர் உடல்களை இத்தாலியப் பாணியில், புராண வீரர்களைப் போலத் திரண்ட தசைகளோடு வரைந்திருக்கிறார்; ஆனால் தறியின் கட்டமைப்பிலும் சாயத் தொட்டியின் அடுப்பிலும் எந்தக் கற்பனையும் இல்லை. தொழில்நுட்ப ஆவணத்தையும் அரண்மனைக்குரிய ஓவியத்தையும் ஒரே சட்டத்துக்குள் வைக்கலாம் என்று அவரை நினைக்க வைத்தது இந்த ஊரின் தொழில் பெருமை. இவருடைய மகன் யாக்கோப்தான் லெய்டனில் பிறந்த ரெம்பிராண்டுக்கு முதல் ஆசிரியர்.

வியாழன், ஆம்ஸ்டர்டாம்

ரெம்பிராண்டையே தொடர்ந்து இன்று ரெய்க்ஸ் அருங்காட்சியகம். எல்லோரும் 'இரவுக் காவல்' முன் திரண்டிருக்க, நான் 1662இல் அவர் வரைந்த துணிச் சோதனையாளர்களைத் தேடிப் போனேன். கறுப்பு உடையும் வெண்கழுத்துப் பட்டையும் அணிந்த ஐந்து பேர், பின்னால் தொப்பி அணியாத பணியாளர் ஒருவர். சாயம் தோய்த்த துணிகளை மாதிரித் துண்டுகளோடு ஒப்பிட்டுத் தரம் பிரிப்பதே அவர்களுடைய பதவிக்குரிய வேலை. ஓவியத்தில் அவர்கள் தலை நிமிர்ந்து நம்மைப் பார்க்கும் பார்வையில், வேலைக்கு இடையே யாரோ உள்ளே வந்துவிட்டதைப் போன்ற கூர்மை இருக்கிறது. எக்ஸ்ரே படங்களில், அந்தப் பணியாளரை எங்கே நிறுத்துவது என்று ரெம்பிராண்ட் பலமுறை இடம் மாற்றிப் பார்த்தது தெரிகிறது. மேசை விரிப்பின் சிவப்பு மட்டும் அவ்வளவு கறுப்புக்கும் நடுவே கனன்றுகொண்டிருக்கிறது.

அந்தச் சிவப்பைப் பார்த்ததும் கொர்னேலிஸ் டிரெபெல் நினைவுக்கு வந்தார். அல்க்மார் நகரில் 1572இல் பிறந்த இவர், 1620இல் தேம்ஸ் ஆற்றில் நீர்மூழ்கிப் படகை ஓட்டிக் காட்டியவர். ஒன்றுக்கு மேற்பட்ட வில்லைகள் கொண்ட கூட்டு நுண்ணோக்கிகளைத் தொடக்கத்திலேயே செய்தவர்களில் ஒருவர். கொச்சினீல் சாயத்தோடு வெள்ளீயக் கரைசலைச் சேர்த்தால் கருஞ்சிவப்பு கண்ணைப் பறிக்கும் செஞ்சிவப்பாக மாறும் என்று கண்டவரும் இவரே. இவருடைய மருமகன்கள் அந்தச் செய்முறையைக் கொண்டு இலண்டன் அருகே சாயப்பட்டறை நடத்தினார்கள். நீர்மூழ்கியும் நுண்ணோக்கியும் சாயமும் ஒரே மனிதரின் கையில் எப்படி என்று இன்று நாம் வியக்கிறோம். அவருக்கு அவை உலை, கண்ணாடி, அமிலம், உலோகம் ஆகிய ஒரே பட்டறைப் பொருட்களின் வெவ்வேறு பயன்கள்.

மாலையில் நுண்ணுயிர்களுக்கென்றே 2014இல் திறந்த மைக்ரோபியா அருங்காட்சியகத்துக்குப் போனேன். நேரடியாக நுண்ணோக்கி வழியே பார்க்கும் வசதி நன்றாக உள்ளது. ஆனால் என் மனம் நிறங்களிலேயே இருந்தது. பாக்டீரியாக்கள் பெரும்பாலும் நிறமற்றவை. லீவன்ஹூக்குக்கு வாய்த்த பொறுமையும் கண்ணும் எல்லோருக்கும் வாய்க்காது. அவர்கூடத் தசைநார்களைத் தெளிவாகக் காண முதுமையில் குங்குமப்பூச் சாயத்தைத் தோய்த்துப் பார்த்தார். நுண்ணுயிரியல் ஓர் அறிவியலாக நிமிர்ந்தது, 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் துணிகளுக்காக ஜெர்மானியத் தொழிற்சாலைகள் செயற்கைச் சாயங்களைக் கொட்டிக் குவித்த பிறகுதான். 1876இல் உருவான மெத்திலீன் நீலத்தைக் கொண்டு ராபர்ட் கோக் 1882இல் காசநோய்க் கிருமியைக் கண்ணுக்குத் தெரிய வைத்தார். 1884இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் ஊதாச் சாயத்தால் பாக்டீரியாக்களை இரண்டு பெரும் வகைகளாகப் பிரித்தார். இன்றும் மருத்துவமனை ஆய்வகங்களில் அந்த முறைதான் முதல் சோதனை.

ஜெர்மானிய மருத்துவ ஆய்வாளர் பால் எர்லிக் இதிலிருந்து இன்னும் ஒரு படி மேலே போனார். ஒரு சாயம் கம்பளியைப் பற்றும், பருத்தியைப் பற்றாது. அதுபோல உடலில் ஒருவகை உயிரணுவை மட்டும் பற்றும் சாயம் இருக்கிறதென்றால், கிருமியை மட்டும் தேடிப் பற்றிக் கொல்லும் பொருளும் இருக்க முடியும் என்பது அவருடைய வாதம். 1891இல் மெத்திலீன் நீலத்தையே மலேரியா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1930களில் கெர்ஹார்ட் டோமாக் கண்டறிந்த பாக்டீரியாத் தொற்றை எதிர்க்கும் முதல் சல்ஃபா மருந்தான புரொன்டோசில், ஒரு செந்நிறச் சாயம். மருந்தியலின் வரலாற்றைச் சாயப்பட்டறையைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது. பள்ளிப் பாடங்களில் நாம் தவிர்த்துவிட்டுத்தான் படிக்கிறோம்.

வெள்ளி, லேவார்டன்

வடக்கே ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தின் தலைநகர் இது. இங்குள்ள ஃப்ரீஸ் அருங்காட்சியகத்தின் சீட்டித் துணிச் சேகரிப்பு நாட்டிலேயே பெரியவற்றுள் ஒன்று. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டிலும் பின்னர் நாகப்பட்டினத்திலும் அமர்ந்துகொண்டு, சோழமண்டலக் கரையின் வண்ணத் துணிகளை 17, 18ஆம் நூற்றாண்டுகளில் கப்பல் கப்பலாக அனுப்பியது. பிரான்சு 1686இலும் இங்கிலாந்து 1700இலும் தம் நெசவாளர்களைக் காப்பதாகச் சொல்லி அவற்றைத் தடை செய்தன. டச்சுக்காரர்கள் தடை செய்யவில்லை. அதனால்தான் ஃப்ரீஸ்லாந்தின் கடலோர ஊர்களில், குறிப்பாக ஹிண்டலோப்பனில், பெண்களின் நீண்ட மேலங்கி முதல் துக்க காலத்தில் உடுத்தும் நீலமும் வெள்ளையும் மட்டும் கொண்ட உடைவரை இந்தியத் துணியிலேயே தைத்தார்கள்.

ஒளி பட்டால் நிறம் கெடும் என்பதால் மிக மங்கிய வெளிச்சத்தில் வைத்திருக்கிறார்கள். கண் பழகியதும் ஒரு மேலங்கியின் கைப்பகுதியை நெருங்கிப் பார்த்தேன். பூவிதழின் விளிம்பில் ஓடும் கறுப்புக் கோடு எங்கும் ஒரே தடிப்பில் இல்லை. மூங்கில் எழுதுகோலில் சாயம் குறையக் குறைய மெலிந்து, மறுபடி தோய்த்த இடத்தில் சட்டெனத் தடிக்கிறது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கையை எங்கே தூக்கினார் என்பது துணியில் இருக்கிறது. அவர் யார் என்பது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இல்லை.

இந்தத் துணிகளில் ஐரோப்பாவை மலைக்க வைத்தது பூக்களின் அழகைவிட, துவைக்கத் துவைக்கப் போகாத நிறம். பருத்தி எளிதில் சாயம் பிடிக்காது. சோழமண்டலத்தின் சாயக்காரர்கள் துணியைக் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் ஊறவைத்து, கறுப்பு வேண்டிய இடத்தில் இரும்புக் கரைசலையும் சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலையும் வரைந்து, பிறகு சாயவேர் கொதிக்கும் கொப்பரையில் முழுத் துணியையும் அமிழ்த்துவார்கள். படிகாரம் தொட்ட இடத்தில் மட்டும் சிவப்பு ஒட்டும். மற்ற இடங்களிலிருந்து வெயிலிலும் துவைப்பிலும் நீங்கிவிடும். நீலத்துக்கு, மற்றப் பகுதிகளை மெழுகால் மூடிவிட்டு அவுரித் தொட்டியில் நனைப்பார்கள். படிகாரத்தின் அலுமினிய அயனி ஒருபுறம் இழையையும் மறுபுறம் சாய மூலக்கூறையும் பிடித்துக்கொள்வதே இதன் வேதியியல். ஓவியர் வரைவது நிறத்தை அன்று, நிறம் வந்து அமரப்போகும் இடத்தை. வரையும்போது சிவப்புப் பூ அவர் கண்ணுக்குத் தெரியாது. இந்த அறிவை வேதியியல் என்றே சொல்ல வேண்டும். கைத்திறன் என்று மட்டும் சொல்லி நகர்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இந்த முறையை அறிய ஐரோப்பியர்கள் பாடுபட்டார்கள். 1734 அளவில் பியூலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் ஒவ்வொரு படிநிலை முடிந்ததும் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டார். அவை இன்றும் பாரிசில் உள்ளன. 1742இல் கேர்து என்ற ஏசு சபைப் பாதிரியார் செய்முறை முழுவதையும் கடிதமாக எழுதி அனுப்பினார். இதே கேர்துதான் 1767இல் சமஸ்கிருதத்துக்கும் இலத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உள்ள உறவைச் சுட்டிக்காட்டிப் பாரிசுக்கு எழுதியவர்; வில்லியம் ஜோன்ஸ் அதைச் சொல்வதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு. சாயக்காரர்களிடம் படிப்படியாகக் கேட்டுக் குறித்துக்கொண்ட மனிதர், சொற்களையும் அதே பொறுமையோடு அடுக்கிப் பார்த்திருக்கிறார்.

இரவு தங்குமிடத்துக்குத் திரும்பும் வழியில் பிரின்செஸ்ஹோஃப் மாளிகையைக் கடந்தேன். இன்று மட்பாண்ட அருங்காட்சியகமாக உள்ள இந்தக் கட்டடத்தில்தான் வரைகலைஞர் எம். சி. எஷர் 1898இல் பிறந்தார். அவர் ஸ்பெயினின் அல்ஹம்ப்ரா மாளிகையில் ஓடுகளின் வடிவங்களைப் படியெடுத்துக்கொண்டு வந்து, இடைவெளியில்லாமல் பொருந்தும் பறவைகளையும் பல்லிகளையும் வரைந்ததை எல்லோரும் அறிவர். அவருக்கு அதன் கணிதத்தைக் காட்டியவர் அவருடைய மாற்றாந்தாய் அண்ணன் பெரெண்ட்; லெய்டனில் நிலவியல் பேராசிரியர். 1937இல் தம்பியின் வரைபடங்களைப் பார்த்த அவர், படிகவியல் ஆய்விதழ் ஒன்றின் கட்டுரைகளைப் படிக்கச் சொன்னார். தளத்தில் ஒரு வடிவத்தைத் திரும்பத் திரும்ப அடுக்க அடிப்படையில் 17 வழிகளே உண்டு என்று 1924இல் கணித அறிஞர் போல்யா படத்தோடு விளக்கிய கட்டுரை அவற்றுள் ஒன்று. உப்புப் படிகத்தின் அணுக்களும் சீட்டித் துணியின் அச்சுப் பூக்களும் ஒரே விதிக்குள் வருகின்றன.

சனி, ஃப்ரானெக்கர்

சிறிய ஊர், கால்வாய், நகர மண்டபம், அதன் எதிரே ஒரு குறுகிய வீடு. கம்பளி சீவும் தொழில் செய்த ஐசெ ஐசிங்கா 1774 முதல் 1781 வரை இந்த வீட்டின் கூடத்தில், தலைக்கு மேலே, சூரியக் குடும்பத்தைக் கட்டினார். இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் கோளரங்குகளில் உலகிலேயே பழமையானது இது. 2023இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக்கியது.

1744இல் பிறந்த ஐசிங்காவுக்குப் பல்கலைக்கழகம் போக வாய்ப்புக் கிடைக்கவில்லை; தந்தையின் கம்பளித் தொழில் காத்திருந்தது. அப்போது ஃப்ரானெக்கரில் பல்கலைக்கழகம் இருந்தும், அவர் வாரந்தோறும் இந்த ஊருக்கு வந்து கணிதம் கற்றது வில்லம் விட்செஸ் என்ற கம்பளிச் சாயக்காரரிடம். ஒரு சாயக்காரர் யூக்ளிடைக் கற்பிக்க, கம்பளி சீவும் இளைஞர் கற்றுக்கொண்ட அந்தக் காட்சியை நான் இங்கே நின்று நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

1774 மே 8 அன்று நிலவும் புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன் ஆகிய கோள்களும் வானில் நெருங்கி வந்தன. அவை மோதிப் பூமி தன் பாதையிலிருந்து விலகும் என்று அஞ்சத்தக்க வகையில் ஒரு பாதிரியார் வெளியிட்ட சிறு நூல் ஃப்ரீஸ்லாந்து மக்களைக் கலங்கடித்தது. ஐசிங்கா அதற்கு மறுப்பு எழுதி வாதாடவில்லை. கோள்கள் எப்படி நகர்கின்றன என்பதை எவரும் வந்து அண்ணாந்து பார்க்கும்படி தம் வீட்டிலேயே அமைக்கத் தொடங்கினார்.

கூடத்துக்குள் நுழைந்ததும் முதலில் தெரிவது நீலம் பூசிய மரக்கூரை. அதில் வட்டப் பிளவுகள். ஒவ்வொன்றிலும் ஒரு கோள் தொங்குகிறது. ஒரு மில்லிமீட்டர் பத்து லட்சம் கிலோமீட்டருக்குச் சமம். புதன் 88 நாளில் சுற்றுகிறது. சனி ஒரு சுற்று முடிக்க 29 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நீங்கள் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் எதுவும் நகர்வது தெரியாது; அந்த மெதுவே இதன் துல்லியம். யுரேனஸ் இதில் இல்லை. வேலை முடிந்த அதே 1781இல்தான் வில்லியம் ஹெர்ஷல் அதைக் கண்டார்.

மாடிக்கு ஏறினால் இயந்திரம். பெரிய மர வளையங்களும் தட்டுகளும் ஒன்றோடொன்று கோத்து நிற்கின்றன. பற்சக்கரங்களின் பற்களாக அமைந்தவை ஆயிரக்கணக்கான ஆணிகள், ஒவ்வொன்றும் கையால் அடித்தது. அவற்றைப் பார்த்தவுடன் கம்பளி சீவும் சீப்பு என் கண்முன் வந்தது. மரத்தில் சம இடைவெளியில் கூரிய உலோகப் பற்களை வரிசையாகப் பதித்த கருவி அது. ஐசிங்கா சிறுவயது முதல் கையில் பிடித்த கருவியும் அதுதான். இந்தத் தொடர்பை அவர் எங்கும் எழுதி வைத்ததாகச் சொல்ல வரவில்லை. மரத்தில் ஆணிகளைச் சீராக நிறுத்தும் பழக்கம் அந்தக் கைகளுக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்.

இவ்வளவையும் ஒரே ஓர் ஊசல் இயக்குகிறது. நிமிடத்துக்கு 60 முறை ஆடும் நீண்ட ஊசலை வைக்கத்தான் அவர் முதலில் எண்ணினார்; அது சுவரோடு அமைந்த பெட்டிக் கட்டிலுக்குள் இறங்கி ஆட வேண்டியிருக்கும் என்பதால் அவருடைய மனைவி மறுத்துவிட்டார். ஊசலைக் குறுக்கினால் ஆட்டம் நிமிடத்துக்கு 80 ஆகிவிடும். அதற்கேற்பக் கணக்கையும் சக்கரங்களையும் மாற்ற வேண்டும். மாற்றினார். குடும்பம் உறங்கும் இடமும் இந்தக் கருவியின் வடிவமைப்பில் ஓர் எண்ணாகப் புகுந்திருக்கிறது. ஆண்டைக் காட்டும் பலகையில் 22 ஆண்டுகளுக்கே இடம் உண்டு. அது முடிந்ததும் மறுபடி எழுத வேண்டும். எண்களை எழுதப்போகும் அடுத்த கை ஒன்று எப்போதும் இருக்கும் என்ற நம்பிக்கையை அவர் இயந்திரத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்.

இங்கிருந்த பேராசிரியர் வான் ஸ்விண்டன் இந்த வீட்டுக்கு வந்து வியந்து, 1780இலேயே ஒரு நூல் எழுதினார். பின்னாளில் பாரிசில் மெட்ரிக் அளவு முறையை இறுதி செய்த அறிஞர்களுள் அவரும் ஒருவர்.

ஞாயிறு, டில்பர்க்

தெற்கே வந்துவிட்டேன். பழைய கம்பளி ஆலைக் கட்டடத்தில் அமைந்த துணி அருங்காட்சியகம் இங்கே உள்ளது. ஒரு பகுதியில் பழைய தறிகள். இன்னொரு பகுதியில் கலைஞர்களும் வடிவமைப்பாளர்களும் வந்து புதிய துணிகளைச் சோதித்துப் பார்க்கும் பட்டறை. கணினித் தறிகளின் இரைச்சலில் பேச்சு எடுபடவில்லை. பார்ப்பதற்கு அது தடையாகவும் இல்லை.

ஜக்கார்டு தறியின் அட்டைக் கோவையை அருகிலிருந்து பார்த்தேன். ஓர் அட்டை, ஊடையின் ஓர் ஓட்டம். துளை இருந்தால் கொக்கி பாவிழையைத் தூக்கும்; இல்லையென்றால் தூக்காது. 1804இல் ஜோசஃப் மரி ஜக்கார்டு இதைச் செம்மைப்படுத்தியபின், பூவேலைத் துணியின் வடிவம் நெசவாளரின் நினைவிலிருந்து அட்டைகளுக்கு மாறியது. சுமார் 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்த ஜக்கார்டின் உருவப்படத்தைச் சார்லஸ் பாபேஜ் தம் வீட்டில் வைத்திருந்தார். செப்புத்தகட்டு அச்சு என்றே விருந்தினர்கள் ஏமாறுவார்கள். கணினியின் முன்னோடியாகத் தாம் திட்டமிட்ட பகுப்பாய்வுப் பொறிக்கு வேண்டிய கட்டளைகளைக் கொடுக்கத் தேர்ந்தெடுத்ததும் இதே அட்டைகளைத்தான். தறி பூக்களை நெய்வதுபோல் இந்தப் பொறி இயற்கணிதக் கோலங்களை நெய்யும் என்று 1843இல் கணித அறிஞர் அடா லவ்லேஸ் எழுதியது, இந்தத் தறியைப் பார்த்தபின் உவமையாகவே தோன்றவில்லை.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் கணினி இன்னொரு முறை நெசவாளர்களிடம் திரும்பி வந்தது. நிலவுக்குச் சென்ற அப்போலோ விண்கலங்களின் கணினியில் நிரல் இருந்தது கம்பிகளால் கோத்த நினைவகத்தில். சிறு காந்த வளையத்தின் உள்ளே கம்பி சென்றால் 1, வெளியே சென்றால் 0. 36,864 சொற்கள் கொண்ட அந்த நினைவகத்தை மாசசூசெட்ஸின் வால்தம் நகரத் தொழிற்சாலையில் பெண்கள் ஊசியால் கோத்தார்கள். அமெரிக்காவில் பஞ்சை நூற்பதும் நெய்வதும் முதன்முதலில் ஒரே கூரையின் கீழ் வந்த 1814ஆம் ஆண்டு ஆலை அமைந்ததும் அதே வால்தமில்தான். நிரலில் பிழை தெரியவந்தால் அழித்து எழுத இயலாது. கம்பியைப் பிரித்து மறுபடி கோக்க வேண்டும். ஆகவே விண்கலம் புறப்படுவதற்கு மாதங்களுக்கு முன்பே நிரலாளர்கள் தம் வேலையை முடித்துக் கொடுத்துவிட வேண்டியிருந்தது.

இங்கே அட்டைத் தறிகளுக்கும் கணினித் தறிகளுக்கும் நடுவே அந்தக் கம்பி நினைவகத்தின் ஒரு தகட்டை, அதைக் கோத்த பெண்களின் ஒளிப்படத்தோடு வைக்க வேண்டும் என்பது என் விருப்பம். பார்வையாளர் குறிப்பேட்டில் அதை எழுதிக் கொடுத்துவிட்டேன்.